முழுச் சீட்டையும் படிப்பவர் யார்?



கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார். நாம் தமிழர் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேலூரில் எந்த டாக்டர் நல்லவர்?" என்பார். நமக்குச் சொந்த ஊர் தஞ்சாவூராக இருக்கலாம், நாகர்கோவிலாக இருக்கலாம். அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. தமிழ்நாடு என்றால் வேலூர். ஹவுராவில் ரயிலேறி 1,700 கிலோமீட்டருக்கு மேல் போய்க் காட்பாடியில் இறங்குகிற குடும்பங்களால் வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன, மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கிறது. போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். திரும்பி வந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் இன்று நான் பேச விரும்புகிறேன்.

நான் மருந்தியல் கற்பித்தவன். நோயாளிக்கு மருந்து எழுதித் தருபவன் அல்லன். ஆகவே இங்கே யாரும் என் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் செய்திகள் பயமுறுத்துவதுபோலத் தோன்றலாம்.

உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் என்று யாரைச் சொல்கிறோம்? மாற்றுச் சிறுநீரகமோ கல்லீரலோ பெற்று, அதை உடல் தள்ளிவிடாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர். எச்.ஐ.வி. உள்ளவர். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர். லூபஸ் போன்ற நோய்களுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனவரையும் ஓரளவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு: மருந்துகளின் எண்ணிக்கை. நோய்க்கு ஒன்று, அந்த மருந்தால் தொற்று வராமலிருக்க ஒன்று, வந்துவிட்ட தொற்றுக்கு ஒன்று, இவையெல்லாம் வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க ஒன்று. அத்தனையும் கடைசியில் போய்ச் சேரும் வாசல்களில் முக்கியமானது சிறுநீரகம்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அவற்றுக்குள் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்பட்டு, ஒன்றரை லிட்டர் தவிர மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. நீர் திரும்பிவிடும், மருந்து குழாய்க்குள்ளேயே நின்று செறிந்துகொண்டே போகும். ரத்தத்தில் சாதுவாக இருந்த பொருள் சிறுநீரகக் குழாயின் கடைசி வளைவில் பல மடங்கு அடர்த்தியாகிவிடுகிறது. சில மருந்துகளைக் குழாயின் செல்களே இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. சிறுநீரகம் அடிபடுவதற்கு அதன் பலவீனம் காரணம் அன்று. அது செய்யும் வேலையே அப்படி.

வேலூருக்கே முதலில் போவோம். 1971-ல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் உயிருள்ள ஒருவர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தும் அறுவை இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாக நடந்தது. உடல் உறுப்பைத் தள்ளிவிடாதிருக்க அந்தக் காலத்தில் கையில் இருந்தவை அசாதியோபிரினும் ஸ்டீராய்டும். அடுத்து வந்தது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு ஹர்டாங்கர்விடா பீடபூமியின் மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையின் சரக்கு அது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் அதன் குணத்தைக் கண்டார்கள். 1978-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதைச் சிறுநீரகம் மாற்றிய நோயாளிகளுக்குக் கொடுத்தார். விலங்குச் சோதனையில் தலைகாட்டாத ஒன்று மனிதரிடம் தெரிந்தது: பொருத்திய சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்தே அந்தச் சிறுநீரகத்தை வாட்டியது.

அப்போது ஒரு சந்தேகம் இருந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின் ஏறுவது மருந்தாலா, உடல் உறுப்பைத் தள்ளுவதாலா? இரண்டும் ஒரே உறுப்பில் நடக்கும்போது எப்படிப் பிரிப்பது? 1984-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிரையன் மயர்ஸும் உடனிருந்தோரும் இதயம் மாற்றியவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய சிறுநீரகங்கள் பிறவியிலேயே வந்தவை, தள்ளப்படக் காரணமே இல்லாதவை. அவையும் சைக்ளோஸ்போரினால் தழும்பேறிப் போயிருந்தன. சந்தேகம் அங்கே தீர்ந்தது. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு, இதயம், நுரையீரல், கல்லீரல், குடல் மாற்றிய 69,321 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 16.5 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்ததைக் காட்டியது. மருந்து மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று பெரும்பாலோர் சாப்பிடுவது டாக்ரோலிமஸ். இதுவும் மண்ணிலிருந்து வந்ததுதான். ஜப்பானின் சுகுபா மலைப் பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து 1984-ல் எடுக்கப்பட்டது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் சிறு தமனியை இது சுருக்குகிறது. அளவு கூடினால் ரத்தம் குறையும், கிரியேட்டினின் ஏறும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் இறங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுத்தால் தழும்பு விழும், அது திரும்பாது. கீழே போனால் உறுப்பு தள்ளப்படும், மேலே போனால் மருந்தே கடிக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள பாதை குறுகியது. அதனால்தான் காலை மாத்திரைக்கு முன்பாக ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். சிலர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார்கள். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே இன்னொரு சிக்கல். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்குக் கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.9-க்குப் போகிறது என்று வையுங்கள். உறுப்பு தள்ளப்படுவதாக இருக்கலாம். அப்படியானால் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். டாக்ரோலிமஸ் மிகையாக இருக்கலாம். அப்படியானால் குறைக்க வேண்டும். பி.கே. வைரஸ் என்று ஒன்று உண்டு. நம்மில் பலருடைய சிறுநீரகத்தில் சிறு வயதிலிருந்தே தூங்கிக் கிடப்பது. எதிர்ப்பாற்றலை அதிகம் அடக்கிவிட்டால் அது விழித்துக்கொள்ளும். அப்போதும் மருந்தைக் குறைக்கத்தான் வேண்டும். வெளியே தெரியும் குறி ஒன்றே, மருத்துவமோ நேர் எதிர். ரத்தத்தில் மருந்தின் அளவு, வைரஸின் அளவு, வேண்டுமானால் ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு, இவற்றைப் பார்க்காமல் யாரும் ஊகத்தில் முடிவெடுக்கக் கூடாது. பக்கத்துக் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

இனி, திரும்பி வந்த பிறகு நடப்பது. நான் ஒரு நோயாளியைக் கற்பனை செய்து சொல்கிறேன். இவர் யாரோ ஒருவர் அல்லர், பலருடைய கதையை ஒன்றாக்கிய உருவம். வேலூரில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு வந்து கொல்கத்தாவின் டாலிகஞ்சிலோ லேக் கார்டன்ஸிலோ குடியிருக்கிறார். காலையும் மாலையும் டாக்ரோலிமஸ். ஒரு நாள் தொண்டை வலி, காய்ச்சல். குடும்ப டாக்டர் கிளாரித்ரோமைசின் எழுதுகிறார். தொண்டைக்கு நல்ல மருந்துதான். ஆனால் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். மாத்திரையின் எண்ணிக்கை மாறவில்லை, ரத்தத்தில் அளவு மட்டும் சில நாளில் எகிறிவிடும். படர்தாமரைக்கோ வாய்ப்புண்ணுக்கோ தரும் ஃபுளூகோனசோலும் அதே வேலையைச் செய்யும். இந்தக் குணத்தை நம் நாட்டு மருத்துவர்கள் வேறு விதமாகப் பயன்படுத்தியதும் உண்டு. சைக்ளோஸ்போரின் விலை தாங்க முடியாத காலத்தில் கூடவே கீட்டோகோனசோலையோ டில்டியாசெமையோ கொடுத்து, குறைந்த அளவு மருந்திலேயே தேவையான மட்டத்தைப் பிடித்தார்கள். ஏழை நோயாளியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய சாமர்த்தியம் அது. கண்காணிப்போடு செய்யும்போது சிக்கனம். தெரியாமல் செய்தால் நஞ்சு.

எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியாவில் உறுப்பு மாற்றியவர்களுக்குக் காசநோய் வருவது அரிதல்ல. அதற்குத் தரும் ரிஃபாம்பிசின் அந்த நொதியைத் தூண்டிவிடும். டாக்ரோலிமஸ் மட்டம் தரைக்கு இறங்கும், உறுப்பு தள்ளப்படும். அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். காசநோய்ச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் மறுபடி குறைக்க வேண்டும். கூட்டுவதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைப்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் சிறுநீரகம் அடிபடுகிறது.

வயிற்றுப்போக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் வயிறு கெடாத வீடு இல்லை. பேதியில் மருந்து உடம்பில் ஒட்டாமல் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டாக்ரோலிமஸ் விஷயத்தில் நடப்பது தலைகீழ். குடலின் சுவரில் இருக்கும் நொதிதான் அந்த மருந்தில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. பேதியில் அந்தக் காவல் கெடுகிறது, ரத்தத்தில் மருந்து கூடுகிறது. அதே நேரத்தில் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. இரண்டு அடி ஒரே இடத்தில். இதற்கு முதல் சிகிச்சை இந்த ஊர்க்காரர் ஒருவர் உலகுக்கு நிரூபித்துக் காட்டியதுதான். 1971-ல், வேலூரில் அந்த அறுவை நடந்த அதே ஆண்டில், எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். இருபது முப்பது விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் பேதி தொடங்கிய முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரிப்பது, அடுத்து மருந்தின் அளவைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது. உப்பும் நீரும் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு குடிக்கட்டும். ரயிலில் கழிவறைக்குப் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஒன்றரை நாள் காய்ந்து வருகிறவர்களையும் இங்கேயே எச்சரித்துவிடுகிறேன்.

வலி மாத்திரைக்கு வருகிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்கு, முதுகு வலிக்கு, காய்ச்சலுக்கு. சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்கும். சிறுநீரகத்தின் உள்நுழையும் தமனியை விரித்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினை இவை அடைத்துவிடுகின்றன. டாக்ரோலிமஸ் ஏற்கெனவே அந்தத் தமனியைச் சுருக்கியிருக்கிறது. டைக்ளோஃபெனாக்கின் வல்லமை இந்த நாட்டுக்கு வேறு வழியாகவும் தெரிந்தது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதன் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. 2004-ல் காரணம் தெரிந்தது, 2006-ல் கால்நடைக்கு அதைத் தருவதை அரசு தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன. மனிதன் கழுகு அல்லன், உண்மை. ஆனாலும் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவரின் சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபெனாக்கை விடப் பாராசிட்டமால் எவ்வளவோ மேல்.

வாயுவுக்குப் போடும் மாத்திரையைச் சொன்னால் கொல்கத்தாவில் என்னை அடிக்க வருவார்கள். 'கேஸ்', 'அம்பல்' என்று சொல்லிக்கொண்டு காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல் போடுவது இங்கே பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு அது சிறுநீரகத் திசுவில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். வலி இருக்காது, கிரியேட்டினின் மட்டும் மெல்ல ஏறும். தேவையுள்ளவர் சாப்பிடட்டும். எதற்காக எப்போது தொடங்கினோம் என்பதே மறந்துபோனவர் மருத்துவரிடம் கேட்கட்டும்.

பழங்களிலும் கவனம் வேண்டும். சரத்காலத்தில் சந்தைக்கு வரும் வாதாபி லேபு, நம் ஊரில் பம்பளிமாஸ், டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். ஜப்பானில் சிறுநீரகம் மாற்றிய ஒருவருக்கு நடந்து, 2003-ல் எழுதப்பட்டிருக்கிறது. சாலையோரத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருகிற காமராங்கா, அதாவது நட்சத்திரப் பழம், ஆக்சலேட் நிறைந்தது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது மூளையையே குழப்பிவிடும் என்பதற்கும் பதிவுகள் உண்டு. ஊர் பேர் தெரியாத பொடிகள் இன்னும் மோசம். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோய் வருவதை வேலூர், சென்னை ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். அதில் கசப்பான விஷயம், அந்த நோய் ஏற்படுத்தும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு தொடங்கினால் எதிர்ப்பாற்றலும் குறையும். பொடியை நிறுத்தினாலே பலருக்கு நோய் அடங்கிவிடுகிறது. பொடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை.

கொல்கத்தாவுக்கே உரிய ஒரு வரலாறும் இதில் இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில், இன்று நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் அன்றைய கேம்பெல் மருத்துவமனையில், எரிவாயுவும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு சிறு அறையில் லாந்தர் வெளிச்சத்தில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைனைச் செய்தார். காலா அசார் என்ற கருங்காய்ச்சல் அதனால் அடங்கியது. அது ஆன்டிமனி உலோகம் சேர்ந்த மருந்து. பல பத்தாண்டுகள் கழித்துப் பிகாரில் ஆன்டிமனிக்கு நோய் பணியாமல் போனபோது மருத்துவர்கள் கையிலெடுத்தது ஆம்ஃபோடெரிசின் பி. பூஞ்சைக்கும் அதுதான் கடைசி ஆயுதம். பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் கொழுப்பில் துளை போடும் மருந்து அது. நம் செல்லின் கொழுப்பும் ஏறக்குறைய அதே மாதிரி என்பதால் சிறுநீரகக் குழாயிலும் துளை விழும். பொட்டாசியமும் மக்னீசியமும் ஒழுகிப் போகும், ரத்தக் குழாய் சுருங்கும். நோயாளிக்குக் குளிர் உலுக்கும். பயத்தில் மருத்துவ மாணவர்கள் அதற்கு ஒரு கெட்ட பெயரே வைத்திருந்தார்கள். கொழுப்புக் குமிழுக்குள் அடைத்துத் தரும் லிப்போசோமல் வகை வந்தபின் சேதம் வெகுவாகக் குறைந்தது. காலா அசாருக்கு அதை ஒரே தவணையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தந்தால் போதும் என்று காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷ்யாம் சுந்தரும் குழுவினரும் 2010-ல் காட்டினார்கள்.

குமிழ் மருந்து இருந்தும் கிடைக்காத காலம் ஒன்றை நாம் கண்ணால் கண்டோம். 2021 கோடை. கொரோனாவின் இரண்டாம் அலை, ஸ்டீராய்டு, எகிறிய சர்க்கரை, பின்னால் கருப்புப் பூஞ்சை. மே மாதம் அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டது. ஜூலைக்குள் பதிவானவை 45 ஆயிரத்துக்கும் மேல். லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினுக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்களை எல்லோரும் பார்த்தோம். கிடைக்காத இடங்களில் பழைய வகையைக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் கண்ணும் உயிரும் போகும். கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும். அந்த நேரத்தில் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கொடுத்த மருத்துவர்கள் சரியாகவே செய்தார்கள் என்பது என் கருத்து. தெரிந்துகொண்டே ஏற்கிற சேதம் வேறு, தெரியாமல் வரும் சேதம் வேறு. ஊசிக்கு முன் உப்புநீர் ஏற்றி, நாள்தோறும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்து, மெல்லச் செலுத்தினால் அந்தச் சேதத்தில் பெரும்பகுதியைக் குறைக்கலாம். இன்னொரு ஆபத்தும் அங்கே உண்டு. பழைய வகைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் குமிழ் வகைக்கு 5. இரண்டுக்கும் பெயர் ஒன்று. மாறிப் போனால் உயிரே போகும்.

புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். சிறுநீரகத்தைக் கெடுத்ததால் கைவிடப்படும் நிலைக்குப் போன மருந்து, நிறைய நீர் ஏற்றிக் கொடுக்கலாம் என்று தெரிந்தபின் பிழைத்து, 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நுண்ணுயிர்க்கொல்லி கொலிஸ்டினை 1970-களில் சிறுநீரகத்துக்குப் பயந்தே ஓரம் கட்டினார்கள். மற்ற எதற்கும் பணியாத கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருகிவிட்டதால் அது திரும்பி வந்திருக்கிறது. தேவையில்லாமல் நாம் விழுங்கிய ஆன்டிபயாட்டிக்குகளின் கடனை எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு கீமோ நோயாளியின் சிறுநீரகம் கட்டுகிறது.

எச்.ஐ.வி. பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தியாவில் அது இருப்பதை முதலில் கண்டது சென்னையில். 1986-ல் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் முதல் தேதி தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து தொடங்கியது. இன்று கொல்கத்தாவில் சித்தரஞ்சன் அவென்யூவின் டிராபிக்கல் மெடிசின் கல்லூரியிலும் அந்த மருந்தை வாங்கிப் போகிறார்கள். தினம் ஒரே மாத்திரை; அதற்குள் மூன்று மருந்து; அவற்றில் ஒன்று டெனோஃபோவிர். உயிர் காக்கும் மருந்து, சந்தேகமில்லை. சிலருடைய சிறுநீரகக் குழாய்ச் செல்கள் அதை அளவுக்கு மீறி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அப்போது ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், சிறுநீரில் சர்க்கரை தெரியும். பாஸ்பேட் ஒழுகி எலும்பு வலிக்கும். எலும்பு வலி என்று மருந்துக் கடைக்குப் போனால் கையில் விழுவது டைக்ளோஃபெனாக். டெனோஃபோவிர் சாப்பிடுகிறவர் டைக்ளோஃபெனாக் தொடங்கியதும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. எச்.ஐ.வி. இருப்பதைக் கடைக்காரரிடம் யாரும் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே மாத்திரையிலுள்ள டோலுடெக்ராவிர் கிரியேட்டினினை 0.1, 0.2 என்று சற்றே ஏற்றும். கோ-டிரைமாக்சசோலும் அப்படியே. அங்கே சிறுநீரகம் கெடவில்லை. கிரியேட்டினின் வெளியேறும் ஒரு பக்கக் கதவை அந்த மருந்துகள் சாத்துகின்றன, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு.

கிரியேட்டினின் தரும் பொய் நிம்மதியோ இதைவிட ஆபத்தானது. தசையிலிருந்து வருவது அது. நோயால் மெலிந்து தசை கரைந்தவரின் ரத்தத்தில் அது குறைவாகவே இருக்கும். காக்க்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-ல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.0 என்றால், சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 மில்லிலிட்டர் சுத்திகரிக்கிறது. 40 கிலோ எடையுள்ள 65 வயதுப் பெண்ணுக்கும் அதே 1.0 என்றால் ஏறத்தாழ 35-தான். அறிக்கையில் இருவருக்கும் 'நார்மல்' என்றுதான் அச்சாகி வரும். அந்த அம்மாளுக்கு முழு அளவு மருந்து எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதுவரை சொன்னவற்றில் ஒரே மருந்தால் மட்டும் வந்த கேடு குறைவு. இரண்டாவது மருந்தும் மூன்றாவது மருந்தும் வந்து சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் சிறுநீரகம் வீழ்கிறது. முதல் மருந்தை வேலூரில் ஒருவர் எழுதினார். இரண்டாவதை இங்கே பிரின்ஸ் அன்வர் ஷா ரோட்டில் ஒருவர் எழுதினார். மூன்றாவதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். நான்காவதைச் சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தமது பங்கைச் சரியாகவே செய்திருக்கலாம். முழுச் சீட்டையும் ஒருசேரப் படித்தவர் எவரும் இல்லை. நோயாளியே படிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை விழுங்கிச் சோர்ந்திருப்பவர் தலையில் அதையும் கட்டுவது நியாயமில்லை. மருந்து எழுதுகிறவரும் கொடுக்கிறவரும் கேட்டாக வேண்டும். நம் ஊர் மருந்துக் கடைகளில் பட்டயம் பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கடைச் சுவரில் சான்றிதழ் மட்டும் தொங்கினால் போதாது. அவரே கவுண்டரில் நிற்க வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது சிறிய காரியம். ஒரே தாள். அதில் எல்லா மருந்தும் பொதுப் பெயரில், அளவோடு. பொடியும் கஷாயமும் கேஸ் மாத்திரையும் உட்பட. மருந்து தொடங்கும் முன் இருந்த கிரியேட்டினின், தேதியோடு. கடைசியாகப் பார்த்த டாக்ரோலிமஸ் அளவு. எச்.ஐ.வி. உள்ளவர்கள் நோயின் பெயரை எழுத வேண்டாம், மருந்தின் பெயர் போதும். தெரிய வேண்டிய டாக்டருக்கு அதிலேயே தெரியும்.

தூரம் ஒரு தடை என்பது பழைய கதை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி பதிவு பெற்ற மருத்துவர் தொலைபேசியிலும் காணொளியிலும் ஆலோசனை சொல்லலாம். ரத்தத்தை இங்கே கொடுத்துவிட்டு அறிக்கையைக் காட்பாடிப் பக்கம் அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. புதிதாக ஒரு மருந்தை யாராவது எழுதினால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவர் அதைச் செய்ய மாட்டார்; மகளோ மருமகனோ பக்கத்து வீட்டுத் தமிழரோ செய்யலாம். டிஸ்சார்ஜ் சீட்டின் மூலையில் அந்தத் துறையின் எண் அச்சாகியிருக்கும். அதைப் பெரிய எழுத்தில் அந்தத் தாளின் தலைப்பில் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு படி எடுத்து, நீங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடையிலும் கொடுங்கள்.